மொட்டை நைலானைக் கழற்றி ரேடியல் மாட்டினால்: டிராக் காரில் டயரோடு சேர்ந்து மாறுபவை

நின்ற நிலையிலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் குறுகிய தூரம் பாய்வதுதான் டிராக் (drag) ரேஸ். அதற்குக் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. பின்னால் இருந்த மொட்டை நைலான் டயர்களை, அதாவது வரியே இல்லாத ஸ்லிக்குகளை, கழற்றுகிறார்கள். அதே உயரம், கிட்டத்தட்ட அதே அகலத்தில் ரேடியல் வாங்கி மாட்டுகிறார்கள். இன்ஜினைத் தொடவில்லை, கியரைத் தொடவில்லை. முதல் ஓட்டத்தில் கார் நின்ற இடத்திலேயே புகை விடுகிறது. காற்றைக் குறைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். ஊரெல்லாம் வேகம் என்று சொன்ன டயர் நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று அலுத்துக்கொண்டு, பழைய டயரையே மறுபடி மாட்டிவிடுகிறார்கள்.

டயரில் குறை ஒன்றும் இல்லை. பழைய டயர் யாரிடமும் சொல்லாமல் மூன்று நான்கு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. புது டயர் அவற்றைப் பார்க்காது. அந்த வேலைகளை இனி யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் வருகிற வினைதான் இது.

டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு டிராக் ரேஸ் டயரைப் பற்றி எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு டிராக் பாதை கிடையாது. ஆனால் நைலானா ரேடியலா என்ற வழக்கு இங்கே ரொம்ப நாளாக நடக்கிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய காலத்தில் லாரிக்காரர்கள் நைலானை விடவே மாட்டார்கள். அளவுக்கு மேல் பாரம், ஆற்றுக்குள் இறங்கி ஏறும் பாதை, பக்கவாட்டில் குத்தும் கல் எல்லாவற்றையும் தாங்கும் தடித்த சுவர் நைலானுக்கு உண்டு. நான்குவழிச் சாலையும் பாரக் கட்டுப்பாடும் வந்த பிறகு அதே முதலாளிகள் டீசல் கணக்குப் பார்த்து ரேடியல் பக்கம் வந்தார்கள். டிராக்டரில் இன்றைக்கும் பெரும்பாலும் நைலான்தான். ஆக, டயர் மாறினால் வண்டியின் குணமே மாறும் என்பது இங்கே யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

உள்ளே நூல் ஓடும் திசை

பாபநாசம் தாண்டிக் கும்பகோணம் போகும் வழியில் ஒரு டயர் கடையில், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகக் குறுக்கே அறுத்த இரண்டு லாரி டயர்த் துண்டுகளை மேசை மேல் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் 10.00-20 என்று இருக்கிறது, மற்றதில் 10.00 ஆர் 20. வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சின்னக் கோடும் 'ஆர்' எழுத்தும்தான் வித்தியாசம்.

அறுத்த முகத்தைத் திருப்பினால் கதை வேறு. நைலான் துண்டில் நூல் அடுக்குகள் சாய்வாக ஓடுகின்றன. ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அதன் மேல் அடுக்கு வலப்பக்கம் சாய்கிறது. சுவரில் இருக்கும் அதே அடுக்குகள்தான் தரையில் படும் பட்டனுக்கு (வரி போட்ட ரப்பர்ப் பகுதிக்கு) கீழேயும் போகின்றன. ரேடியல் துண்டில் ஒரு பக்கத்துப் பீடிங்கில் (ரிம்மில் உட்காரும் விளிம்பில்) புறப்படும் கம்பி குறுக்கே நேராக வளைந்து எதிர்ப் பக்கத்துப் பீடிங்கில் முடிகிறது. பட்டனுக்குக் கீழே மட்டும் தனியாக எஃகு பெல்ட் அடுக்குகள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால் ரேடியலின் சுவர் வளைந்து கொடுக்கிறது, பெல்ட் இருக்கும் இடம் அசைய மாட்டேன் என்கிறது. நைலான் துண்டை அமுக்கினால் எல்லாம் சேர்ந்தே வளைகிறது, அதுவும் கொஞ்சம்தான்.

முழு விஷயமும் இதில் இருக்கிறது. நைலானில் சுவரும் அடிப்பாகமும் ஒரே உடம்பு. சுவர் நெளிந்தால் தரையில் படும் பகுதியும் சேர்ந்து நெளியும், அந்த நெளிவில் சூடு பிறக்கும். ரேடியலில் சுவரின் வேலை வேறு, அடிப்பாகத்தின் வேலை வேறு. சுவர் எப்படி வளைந்தாலும் தரையில் பெல்ட் தட்டையாகப் படிந்திருக்கும். காற்று சரியாக இருக்கும்போதே ரேடியலின் வயிறு தரையருகே புடைத்துத் தெரிவதும் இதனால்தான். புதிதாக ரேடியல் மாட்டிய லாரியைப் பார்த்து 'காத்து கம்மியா இருக்கு' என்று வழியில் கைகாட்டாத ஆள் கிடையாது.

யோசனை பழசு. அமெரிக்காவில் ஆர்தர் சாவேஜ் 1915-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். விற்பனைக்கு உருப்படியாகக் கொண்டுவந்தது பிரான்ஸின் மிஷெலின். 1946-ல் காப்புரிமை, 1949-ல் கடைக்கு டயர். அதே 1946-ல்தான் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் சின்னப் பட்டறையைத் தொடங்கினார், பின்னால் அதுதான் எம்ஆர்எஃப் ஆனது. இந்தியாவில் ரேடியலை முதலில் கொண்டுவந்தது ஜேகே டயர், 1977-ல்.

டிராக் ரேஸ் உலகம் ரேடியலை மதிக்க இன்னும் நாளானது. அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய என்எச்ஆர்ஏ அமைப்பின் உச்சப் பிரிவான டாப் ஃப்யூயலில் இன்றும் பின்டயர் நைலான் வகை ஸ்லிக்தான். ரேடியல் நுழைந்தது புழக்கடை வழியாக. சாலையில் ஓட்ட அனுமதி உள்ள டயரோடுதான் வர வேண்டும் என்று சொன்ன பிரிவுகளுக்காக பிஎஃப் குட்ரிச் போன்றவர்கள் மென்மையான ரப்பர் போட்ட டிராக் ரேடியல்களைச் செய்தார்கள். மிக்கி தாம்ப்சன் முதலான மற்ற கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. அப்புறம் 275/60 ஆர் 15 டயருக்கு ஒரு பிரிவு, 315/60 ஆர் 15-க்கு ஒரு பிரிவு என்று டயர் அளவை வைத்தே போட்டிகள் உருவாயின. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தெற்கில் நடக்கும் பந்தயங்களால் பெயர் பெற்ற 'ரேடியல் வெர்சஸ் த வேர்ல்ட்' பிரிவில், அந்த 315 அகல டயரை மாட்டிய கார்கள் 201 மீட்டரை நாலு செகண்டுக்குள் முடிக்கின்றன. தரையைப் பிடிக்காத டயர் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

முதல் 60 அடி

முழு ஓட்டம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பல இடங்களில் அதில் பாதி. எதுவானாலும் முதல் 60 அடியில் கோட்டை விட்டால் பின்னால் பிடிப்பது கஷ்டம். அறுபது அடி என்பது 18.3 மீட்டர். நின்ற நிலையிலிருந்து அதை 1.5 செகண்டில் தாண்டும் காரின் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல 1.66 மடங்கு வருகிறது. கார் 1,300 கிலோ என்றால், பின்னாலிருந்து ஏறக்குறைய 2,150 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ள வேண்டும். அவ்வளவும் தரையில் படிந்திருக்கும் இரண்டு ரப்பர்த் திட்டுகள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

நைலான் ஸ்லிக் இதைச் சமாளிக்கும் விதமே தனி. லாரி நைலானைப் போலத் தடித்த சுவர் இதற்குக் கிடையாது. உள்ளே பத்து, பன்னிரண்டு பிஎஸ்ஐ காற்றுதான் இருக்கும். ஆக்சில் வெடுக்கென்று முறுக்கியதும் ரிம் முதலில் திரும்பிவிடும், ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட சுவர் வரிவரியாக மடியும். மெதுவாக்கிக் காட்டும் காணொளிகளில் இந்த மடிப்பைத் தெளிவாகப் பார்க்கலாம். அந்த ஒரு கணத்தில் பல காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. இன்ஜினின் அடி ஆக்சிலுக்கும் அதைச் சுற்றவைக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரத்துக்கும் முழுசாகப் போகாமல் சுவரில் உள்வாங்கப்படுகிறது. தரையில் படும் திட்டு நீளமாகிறது. டயர் அமுங்கி அதன் அரைவிட்டம் குறைவதால், கியரை மாற்றாமலே சின்ன கியர் போட்டது போன்ற இழுவை கிடைக்கிறது. கார் வேகமெடுத்ததும் சுவர் நிமிர்கிறது, சுழற்சியின் வேகத்தில் டயர் வெளியே இழுபட்டு உயரமாகிறது. கடைசியில் பெரிய கியர் போட்ட மாதிரி. அதாவது அந்த டயருக்குள் ஒரு ஷாக் அப்சார்பரும் ஒரு சின்ன கியர் பாக்ஸும் இலவசமாக இருந்தன.

ரேடியல் மாட்டியதும் இரண்டும் போய்விடுகின்றன. அதன் சுவர் புடைக்கும், ஆனால் அப்படி வரிவரியாக மடிந்து முறுக்கை வாங்கிக்கொள்ளாது. பெல்ட் இருப்பதால் வேகத்தில் உயரமும் அவ்வளவாக மாறாது.

இதைவிட முக்கியமான வித்தியாசம் வழுக்கலில் இருக்கிறது. ரப்பர் டயர் எதுவானாலும், இழுக்கும்போது சக்கரம் சாலையைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் சுற்றும். சேற்று உழவு பார்த்தவர்களுக்கு இது தெரியும். டிராக்டர் பின்சக்கரம் பத்துச் சொச்சம் சதவீதம் வழுக்கும்போதுதான் கலப்பை நன்றாக இழுபடும், அதற்கு மேல் போனால் இருக்கிற இடத்திலேயே குழி பறிக்கும். டிராக் டயரிலும் இப்படி ஓர் உச்சம் உண்டு. நைலான் ஸ்லிக்குக்கு அந்த உச்சம் அகலமானது. கொஞ்சம் கூட வழுக்கினாலும் பிடிப்பு உடனே செத்துப்போகாது. ஓட்டுநர் காலை லேசாகத் தூக்கி மறுபடி அமுக்கினால் டயர் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ரேடியலின் உச்சம் உயரமானது, ஆனால் ஊசி முனை. வழுக்கல் குறைவாக இருக்கும்வரை நைலானைவிட நன்றாகவே இழுக்கும். அந்த முனையைத் தாண்டினால் சரிவு செங்குத்து. ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால், சக்கரத்தின் வேகம் காரின் வேகத்துக்கு இறங்கி வரும்வரை திரும்பப் பிடிக்காது. அதற்குள் அந்த ஓட்டம் முடிந்த மாதிரிதான்.

நைலான் பழக்கத்தில் ஒரு கார் கொஞ்சம் சுழன்று கிளம்பினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடும் அதே அமைப்போடும் ரேடியலில் ஏறி அமர்வதால்தான் முதல் நாள் புகை வருகிறது.

அந்த வேலைகளை யார் பார்ப்பது?

முதலில் ஷாக். நைலானுக்காக அமைத்த காரில் பின் ஷாக்குகளை விரியும் திசையில் தளர்வாக விட்டிருப்பார்கள். கிளப்பியதும் டயரைத் தரையில் ஓங்கி அறைய வேண்டும் என்பது எண்ணம். அறையை வாங்கிக்கொள்ள சுவர் இருந்தது. அந்த அமைப்பில் ரேடியலை மாட்டினால், முதல் கணத்தில் அபாரமாகப் பிடித்துவிட்டு அடுத்த கணம் காரின் உடம்பு எதிர்த்துத் துள்ளும்போது டயர் மேலுள்ள பாரம் குறையும். நைலான் அந்தத் தொய்வை மன்னிக்கும், ரேடியல் மன்னிக்காது. அதனால் ஷாக்கைக் கெட்டியாக்கி, பாரம் நிதானமாக வந்து அங்கேயே உட்காரும்படி செய்ய வேண்டியிருக்கிறது. ஷாக்கின் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது அவர் காருக்கு.

அடுத்தது இன்ஜின். கிளப்பும் கணத்தில் முழு சக்தியையும் கொட்டாமல் படிப்படியாகக் கொடுக்க வேண்டும். டர்போ வைத்த காரில் நேரத்தைப் பொறுத்து பூஸ்ட்டை (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றுவார்கள், கூடுதல் சக்திக்கு நைட்ரஸ் வாயு வைத்த காரில் மெதுவாகத் திறக்கும் கன்ட்ரோலர் இருக்கும், மற்றபடி இக்னிஷன் டைமிங்கைக் கிளப்பும்போது பின்தள்ளி வைத்துப் பிறகு கொண்டுவருவார்கள். ரேடியல் பிரிவுகளில் தீவிரமாக ஓட்டுபவர்களின் லேப்டாப்பில் எப்போதும் திறந்திருக்கும் வரைபடம் ஒன்றுண்டு. கிடையாக நேரம், நெடுக்காக, பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்ட் தண்டின் சுழற்சி. நல்ல ஓட்டத்தில் அந்தக் கோடு ஒரே சீராக ஏறும். சக்கரம் வழுக்கிய இடத்தில் கோடு ஆணி அடித்தாற்போல் மேலே கிளம்பியிருக்கும். அந்த ஆணி எந்த நொடியில் வந்தது என்று பார்த்து, அதற்குச் சற்று முன்னால் சக்தியைக் குறைத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போவார்கள். நைலானில் ஓட்டுநரின் கால் செய்த வேலை இப்போது கம்பியூட்டருக்குப் போய்விட்டது. இது எனக்குப் பிடித்த மாற்றமா என்று கேட்டால், அவ்வளவாக இல்லை. ஆனால் நேரம் குறைகிறது.

மூன்றாவது உடையும் சாமான்கள். சுவர் வாங்கிக்கொண்ட அடி இப்போது நேராக ஆக்சிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் போகிறது. டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் அந்த அடியைக் கொஞ்சம் தணிக்கும். கிளட்ச்சை விட்டடிக்கும் கார்களுக்கு இன்றும் நைலான்தான் சரி என்று டயர் செய்பவர்களே சொல்வதற்குக் காரணம் இதுதான். நம் ஊரில் போட்டிக்குத் தயார் செய்யும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர ஓட்டம், கையால் மாற்றும் கியர். பழைய ஹோண்டா சிட்டி, மாருதி எஸ்டீம் மாதிரி. கிளப்பும்போது பாரம் பின்னால் சாய்வதால் இழுக்கும் சக்கரத்தில் எடை குறைவது அவற்றின் பிறவிக் குறை. அதில் நன்றாக ஒட்டும் டயரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால் முதலில் சத்தம் போடுவது முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் என்ற மூட்டு.

கியர் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும், அதனால் எண் போட்டே பார்க்கலாம். 28 அங்குல டயர், 4.10 கிரவுன் பினியன், டாப் கியர் நேரடி, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 209 கிலோமீட்டர். கன்வர்ட்டர் வழுக்கலைச் சேர்க்காமல் பார்த்தால் இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 6,390 சுற்றில் இருக்க வேண்டும். நைலான் டயர் ஓர் அங்குலம் உயர்ந்து 29 ஆனதாக வைத்துக்கொள்வோம். சுற்று 6,170-க்கு இறங்கும். அதே டயர் 5 சதவீதம் வழுக்குவதாக வைத்தால் மறுபடி 6,480-க்கு ஏறும். உயராத, ஒன்றரை சதவீதமே வழுக்கும் ரேடியலில் 6,490 வருகிறது. மீட்டரைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு டயர் உயர்ந்து சம்பாதித்ததை வழுக்கித் தொலைத்தது, மற்றது இரண்டுமே செய்யவில்லை. கடைசிச் சுற்று அப்படியே இருக்கிறது, ஆகவே கியரைத் தொட வேண்டாம் என்று முடிவு கட்டுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மாறியிருப்பது தொடக்கம். அமுங்காத டயர் கிளப்பும்போது கிடைத்த சின்ன கியரை எடுத்துவிட்டது. அந்த இழுவையைத் திரும்பப் பெற வேண்டுமா, அல்லது ரேடியலுக்கு மென்மையான தொடக்கம்தான் நல்லதென்று விட்டுவிட வேண்டுமா என்பது காரின் சக்தியைப் பொறுத்தது. சக்தி மிஞ்சி நிற்கும் கார்களில் விட்டுவிடுவதே மேல்.

இவ்வளவு தொந்தரவுக்கும் கிடைப்பது என்ன? நெளிவும் சூடும் குறைவதால் உருளும் எதிர்ப்பு குறைகிறது, கடைசி வேகம் கூடுகிறது. அப்புறம் ஒரே சீர். காலையில் ஓடியது போலவே மாலையிலும் ஓடும். சொன்ன நேரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறோம் என்பதை வைத்து வெல்லும் பிராக்கெட் போட்டிக்காரர்களுக்கு இது பொன். ட்யூப் வேண்டாம். காற்றுக் குறைந்த ஸ்லிக் ரிம்மிலிருந்து நழுவாமல் இருக்க அடிக்கும் திருகுகளும் பெரும்பாலும் வேண்டாம்.

முன்டயரை மறந்துவிட்டு

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். முன்னால் ஒரு ஜாதி, பின்னால் ஒரு ஜாதி கூடாது. பலர் முன்னால் சாலை ரேடியலை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் நைலான் ஸ்லிக் போடுகிறார்கள். ரேடியல் ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் சொல்லும். காற்றுக் குறைந்த நைலான் ஒரு நொடி தாமதித்துச் சொல்லும், சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும். 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் பின்பக்கம் அசைந்து, அதற்கு இன்னொரு திருத்தம், அதற்கு இன்னொன்று என்று வளரும். பாதி விபத்துகளில் ஓட்டுநரைத்தான் குறை சொல்வார்கள். நைலான் என்றால் நாலும் நைலான், ரேடியல் என்றால் நாலும் ரேடியல். பின்னால் ரேடியலுக்கு மாறுபவர்கள் முன்னால் இருக்கும் ஒல்லி நைலான் டயர்களையும் மாற்றுவதற்குச் சேர்த்தே காசு ஒதுக்க வேண்டும்.

காற்றழுத்தத்தை லாரிக்கு அடிக்கும் மீட்டரில் பார்க்க முடியாது. பாபநாசம் தாண்டிய அந்த டயர் கடை அண்ணனிடம் திருவாரூர் பக்கத்துப் பையன் ஒருவன் "அண்ணே, பதினாறரை வைங்கண்ணே" என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "தம்பி, என் மீட்டர்ல பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவுல முள்ளே நிக்காது." டிராக் ரேடியலுக்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது பிஎஸ்ஐக்குள் தொடங்கி அரை அரையாக மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கு முப்பது வரை மட்டும் காட்டும் தனி மீட்டர் வேண்டும். நைலானில் பிடிக்கவில்லை என்றால் காற்றைக் குறைப்பது வழக்கம். ரேடியலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் நடுப்பகுதி தரையை விட்டு எழும்பி ஓரங்கள் மட்டுமே உழைக்கும், பிடிப்பு இன்னும் கெடும். முதலில் சொன்ன புலம்பலில் காற்றைக் குறைத்ததும் மோசமானது இதனால்தான்.

ஓட்டத்துக்கு முன்னால் டயரை நின்ற இடத்தில் சுழற்றிச் சூடேற்றும் பர்ன்அவுட்டும் குறைவாகப் போதும். ஸ்லிக்கைத் தண்ணீரில் நிறுத்தி நன்றாகப் புகை வரும்வரை சுற்றுவார்கள். வரிகள் உள்ள டிராக் ரேடியல் தண்ணீருக்குள் போகவே கூடாது, வரியில் தங்கும் தண்ணீர் கிளப்பும் இடம்வரை கூடவே வரும். தண்ணீரைச் சுற்றிப் போய், லேசாகப் புகை தெரிந்ததும் விட்டுவிட வேண்டும். அதிகம் சூடேற்றினால் ரப்பர் வழவழத்துவிடும்.

நம் தரைக்கு எது?

அமெரிக்க ரேடியல் கார்களின் நேரங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் அவர்கள் தரையைப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் மேல் ரப்பர் படிய இழுத்து, அதன் மேல் ஒட்டும் பிசின் தெளித்து, செருப்புப் போட்டு நடந்தால் செருப்பு தரையோடு நின்றுவிடும் அளவுக்குத் தயார் செய்கிறார்கள். ஊசி முனை உச்சம் உள்ள டயருக்கு அந்தத் தரைதான் சோறு. இங்கே கிடைப்பது என்ன? இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையின் நேர்ப்பகுதி, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே, மகாராஷ்டிரத்தில் ஆம்பி வேலியின் விமான ஓடுதளம், இப்படித்தான். வேறு வேலைக்குப் போட்ட தரை. தூசு இருக்கும், பிசின் இருக்குமா என்பது நடத்துபவர்களைப் பொறுத்தது. அதிலும் மத்தியான வெயிலில் தார் இளகிவிட்டால் எந்த டயருக்கும் கஷ்டம், ரேடியலுக்கு இரட்டிப்புக் கஷ்டம்.

தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலை நேராக இருக்கிறதே என்று சில பையன்களுக்குக் கை அரிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி அரசு அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் வேகப் போட்டி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விட்டுவிட்டாலும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும் ஊர் இது. டிராக் ரேடியல் நெல்மணி மேல் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

என் கணிப்பு இது. கையால் மாற்றும் கியர், தயார் செய்யாத தரை, டேட்டா எடுக்கும் கருவி இல்லை என்றால் நைலானை விட வேண்டாம். ஆட்டோமேட்டிக், பிசின் போட்ட தரை, சக்தியைப் படிப்படியாகக் கொடுக்கும் வசதி மூன்றும் இருந்தால் ரேடியலுக்குப் போகலாம். ஆனால் முதல் சில ஓட்டங்களில் பழைய நேரத்தைவிட மெதுவாக ஓடத் தயாராக இருக்க வேண்டும். குறைந்த சக்தியில் தொடங்கி, சுழலாமல் ஓடுவதை உறுதி செய்துகொண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் வழி. முழு சக்தியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருபவர்கள் டயர் எங்கே பிடிக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் டயரே தீர்ந்துவிடும்.

வாங்குவதிலும் ஒரு சிக்கல். பெரம்பலூர் பக்கம் எம்ஆர்எஃப் ஆலை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், டிராக் ரேடியலுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டையே பார்க்க வேண்டும். 2020 ஜூன் 12 அன்று கார் டயர் உட்படப் பல வகைப் புது டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பல வருஷத்துக்கு அப்புறம் மேட்டூர் அணை வழக்கமான தேதியில் திறந்த அதே நாள், அதனால் டெல்டாவில் யாரும் டயர் செய்தியைக் கவனிக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கைமாறி வரும் பழைய டயர்கள்தான் அதிகம் சுற்றுகின்றன. அவற்றை வாங்கும்போது பட்டன் ஆழத்தைவிட வயதைப் பார்க்க வேண்டும். மென்மையான ரப்பர் தகரக் கொட்டகைச் சூட்டில் இரண்டு கோடை கிடந்தாலே இறுகத் தொடங்கிவிடும், பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். நகத்தை அழுத்தினால் தடம் பதிய வேண்டும். சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். அந்த இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். விற்பவர் அந்தப் பக்கத்தை உள்பக்கமாக வைத்து மாட்டியிருந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியதுதான்.